சர்வர் எழுந்திருக்க நான்கு நிமிடம்

மலை மேல் இருக்கும் எங்கள் மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சாமையும் புளியும் தவிர வேறு வருமானம் இல்லாத வீட்டிலிருந்து போய், வேலூரில் விடுதியில் தங்கி மூன்று வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, திரும்ப அதே மலைக்கு வேலைக்கு வந்தவள்.

மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதற்குள் லினக்ஸில் ஓடும் ஒரு சர்வர். நோயாளிகளின் பதிவு, டோக்கன், பழைய சீட்டு, மருந்து இருப்பு எல்லாம் அதில்தான். அதை நிறுவிய வேலூர் இன்ஜினீயர் ஒரு வாரம் இருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அதன் பிறகு மூன்று வருஷம் அந்த அறையின் சாவி என் சுடிதார் பையில் இருந்தது. கவுண்டரில் ஏதாவது நின்றுபோனால், நர்சுகளில் இருந்து டாக்டரம்மா வரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கொஞ்சம் மெதுவாகவே நடந்து போவேன். கூப்பிட்ட குரல் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றிருக்கும்.

பிறகு அவள் வந்தாள்.

மலையடிவாரத்து ஒடுகத்தூர்க்காரி. புதிதாகப் பிரசவ வார்டு கட்டியதால் கம்ப்யூட்டருக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அப்பா பள்ளி ஆசிரியர், அம்மா நர்ஸ், அத்தை ஒருவர் கன்னியாஸ்திரி. படிப்பு அவர்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் மாதிரி. திறந்தால் வரும். வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். நான் அவளை வாங்க, போங்க என்றுதான் பேசினேன். மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். தள்ளி நிறுத்தத்தான் அப்படிப் பேசினேன்.

அவளுடைய ஆங்கிலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனா என்றால், பட்டேன். டாக்டரம்மாவும் அவளும் ஆங்கிலத்தில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். எனக்குப் புரியும், ஆனால் ஒரு நொடி கழித்துப் புரியும். நான் சிரிக்கும்போது அவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். ஆனாலும் அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் அப்பா போன் செய்வார். அன்று சர்வரில் என்ன வேலை, எங்கே சிக்கியது என்று கேட்பார். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்திலிருந்து குறுக்குக் கேள்வி வரும். என் அப்பாவும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார். சாப்ட்டியா, சளி புடிச்சிருக்குதா, வூட்டுக்கு எப்போ வர. அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. என் வேலையைப் பற்றி என் வீட்டில் ஒருவரிடமும் நான் ஒரு முழு வாக்கியம் சொன்னதில்லை. அவள் ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் சொன்னாள்.

அவள் வந்து இரண்டு வாரத்தில் சர்வர் மந்தமானது.

மழைக்காலத்தில் எங்களுக்குக் காலையில் ஒரு முறையாவது கரண்ட் போகும். யுபிஎஸ் பேட்டரி பழையது, கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதனால் சர்வர் அணைந்து, கரண்ட் வந்ததும் திரும்ப எழுந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் டோக்கன் திரை வந்துவிடும். இப்போது நான்கு நிமிடம் ஆனது. நெட்வொர்க் தயாராவதற்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி திரையில் நிற்கும். பக்கத்தில் நொடிகள் ஏறும். சரியாக இரண்டு நிமிடம் ஏறிய பிறகுதான் அது சலித்துப்போய் அடுத்த வேலைக்கு நகரும்.

இரண்டு நிமிடம் பெரிதா என்று கேட்கலாம். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர்களின் வரிசைக்கு முன்னால் நின்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். கவுண்டரில் டோக்கன் கொடுக்கும் அண்ணன், வேலையில் என்னைவிட இருபது வருஷம் மூத்தவர், வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்: "இன்னாம்மா, உன் பொட்டி எழுந்துடுச்சா? இல்ல இன்னும் பல்லு வெளக்கினு கீதா?" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மாதக் கடைசியில் மருத்துவமனையை நடத்தும் டிரஸ்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சர்வர் அறைக்கு இனி ஒருவர்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் கவுண்டருக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். அதற்குள் இந்தத் தாமதம் சரியாக வேண்டும் என்றும் சொன்னார். சரிசெய்கிறவருக்கு அறை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததும் எங்கள் இருவருக்கும் கேட்டது.

எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்திருந்தது: தப்பு அவளுடையது. அவள் வருவதற்கு முன் சர்வர் நன்றாக இருந்தது, வந்த பின் கெட்டது. வந்த வாரமே அவள் ஒரு புது நிரல் எழுதி அதில் ஏற்றியிருந்தாள். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாளுக்கு முந்தின நாள் போனில் செய்தி அனுப்பும் நிரல். டாக்டரம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். செய்தி அனுப்ப இன்டர்நெட் வேண்டும், நெட்வொர்க்குக்குக் காத்திருக்கிறேன் என்கிறது திரை. வேறென்ன சாட்சி வேண்டும் எனக்கு?

ஊருக்குக் காட்ட முதலில் கேபிளை மாற்றினேன். எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போட்டேன். பிறகு ஒரு புதன்கிழமை மதியம், அவள் சாப்பிடப் போன நேரத்தில், அவளுடைய நிரலை நிறுத்திவிட்டுச் சர்வரைத் திரும்பத் துவக்கினேன். வெற்றி நிச்சயம் என்று கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். அதே வரி. அதே இரண்டு நிமிடம்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த நிரலைத் திரும்ப ஓட விடாமலே அறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. வியாழக்கிழமை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரவேண்டிய பெண்களில் பாதிப்பேர் வரவில்லை. டாக்டரம்மா காலி பெஞ்சைப் பார்த்தார். அவள் அறைக்கு வந்து கேட்டாள்: "அக்கா, மெசேஜ் ப்ரோகிராம நீங்க நிறுத்தனீங்களா?"

"இல்லயே."

அவள் தலையாட்டினாள். யார் எந்த நேரத்தில் எதை நிறுத்தினார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைத் திறந்து காட்டவில்லை. வராத பெண்களுக்குத் தானே ஒவ்வொருவராகப் போன் செய்து வேறு நாள் கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது மதியம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். துவக்கும்போது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பட்டியல் போட ஒரு கட்டளை இருக்கிறது. வேலூர் இன்ஜினீயர் சொல்லிக்கொடுத்ததுதான். பட்டியலில் அவளுடைய நிரல் கீழே எங்கேயோ, ஒரு நொடிக்கும் குறைவாக இருந்தது. உச்சியில் நெட்வொர்க்குக்குக் காத்திருந்த இரண்டு நிமிடம். சரி, எந்த நெட்வொர்க்குக்கு? அதையும் கேட்டேன். சர்வருக்குப் பின்னால் கேபிள் செருக இரண்டு போர்ட்கள் உண்டு. முதலாவது தயார் என்றது. இரண்டாவது தயாராகவில்லை என்றது.

டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தேன். இரண்டாவது போர்ட் காலி. அதிலிருந்த கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தவளே நான்தான்.

அந்தக் கேபிள் எங்கள் ஊருக்கானது. மருத்துவமனையிலிருந்து இன்னும் மேலே, காட்டைத் தாண்டி இருக்கும் ஊர். அங்கே எங்கள் மருத்துவமனையின் ஒரு சின்னக் கிளை உண்டு, ஒரு நர்ஸும் ஒரு கம்ப்யூட்டரும். இங்கே எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கம்பம் நட்டு, அதுவரை கேபிள் இழுத்து, அதற்கு மேல் வயர் இல்லாமல் அந்தக் கிளையை இணைத்திருந்தோம். இந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் யார் முதலில் வந்தாலும் மேலே இருந்து வருபவர்களுக்குத்தான் முதல் டோக்கன். அவர்கள் வரும் ஜீப் மதியமே திரும்பிவிடும், விட்டால் நடைதான். அதனால் கிளையிலிருந்து பெயர்கள் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு டோக்கன் தொடங்கும். கீழே இருந்து வருபவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் யாரும் மீறமாட்டார்கள்.

சர்வரை நிறுவியபோது இன்ஜினீயர் அந்த இரண்டாவது போர்ட்டுக்கு ஒரு குறிப்புப் போட்டிருந்தார். இந்த இணைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காத்திருக்காமல் மேலே போ என்று சர்வருக்குச் சொல்லும் குறிப்பு. அவர் பஸ் ஏறிய அன்றே நான் அதை எடுத்துவிட்டேன். முதல் டோக்கன் எங்கள் ஊருக்கு என்றால் சர்வரும் எங்கள் ஊருக்காகக் காத்திருக்கட்டுமே என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம், எங்கள் ஊரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு இயந்திரத்துக்குள் எழுதி வைத்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. குறிப்பை எடுத்த இடத்தில், இந்த வரிகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று என் பெயரோடு எழுதியும் வைத்தேன்.

கம்பம் நின்றவரை ஒரு தொல்லையும் இல்லை. மழை தொடங்கிய வாரம் காற்றில் கம்பம் சாய்ந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்ததும் ஏறக்குறைய அதே நாட்கள். கிளை நர்ஸ் பெயர்களைப் போனில் சொல்ல ஆரம்பித்தார். மழை விட்டதும் கம்பத்தை நிமிர்த்தலாம் என்று கேபிளைக் கழற்றினேன். வெளியே ஒரு கம்பம் விழுந்தால் உள்ளே இருக்கும் சர்வருக்கு என்ன ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. வராத ஊருக்காக அது தினமும் இரண்டு நிமிடம் நின்றிருக்கிறது.

அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"இத நீங்க முன்னாடியே பாத்துட்டீங்களா?"

"பத்து நாள் ஆச்சுக்கா. கை வைக்கக் கூடாதுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. அதான் வைக்கல."

"டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்கள மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். நீங்களே பாத்துடுவீங்கன்னு இருந்தேன். ரூம் உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்குக் காது வரை சுட்டது. அவளிடம் இருந்த எல்லாவற்றையும் விட அன்று அந்தக் குணத்தின் மீதுதான் எனக்குப் பொறாமை அதிகமாக வந்தது. நல்லவளாக இருக்க அவளுக்குக் கட்டுப்படியாகிறது. இந்த அறை போனால் அவளுக்கு இன்னொரு அறை கிடைக்கும், இந்த மலை போனால் சென்னை கிடைக்கும். எனக்கு இந்த ஒரு சாவிதான். அதையும் அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா?

இன்ஜினீயர் எழுதியிருந்த குறிப்பை அதே இடத்தில் திரும்ப எழுதினேன். ஒரு வரிதான். அதன் கீழே இருந்த என் எச்சரிக்கையை அழித்தேன். சர்வரைத் துவக்கியபோது காத்திருப்பு வரி ஒரு கணம் வந்து போய்விட்டது. இரண்டு நிமிடத்துக்குள் டோக்கன் திரை வந்தது. கவுண்டர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு டோக்கன் கொடுக்கப் போனார்.

அன்றே டாக்டரம்மாவிடம் போனேன். சர்வர் சரியாகிவிட்டது என்றேன். அவர் முகம் மலர்ந்து, உன்னால்தான் முடியும் என்று எனக்குத் தெரியும் என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் போட்ட பிச்சையாக அந்த அறையில் நாள் முழுக்க உட்கார என்னால் ஆகாது.

"தப்பு பண்ணது நான்தாங்க மேடம்," என்றேன். "கண்டுபுடிச்சது அவங்க. பத்து நாளா தெரியும் அவங்களுக்கு. மெசேஜ் ப்ரோகிராம நிறுத்தனதும் நான்தான்."

நேர்மை என்று யாராவது இதைச் சொன்னால் எனக்கு ஒத்துவராது. ரோஷம்தான்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். தப்பைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வராத கர்ப்பிணிகளைப் பற்றி மட்டும் கேட்டார், எத்தனை பேர், எல்லோருக்கும் வேறு நாள் கொடுத்தாயிற்றா என்று. கொடுத்தது அவள்தான் என்று அதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் டிரஸ்டுக்குக் கொடுத்த தாளில் அவள் பெயர் இருந்தது. அவள் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்தச் செய்தியும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சாவியை அவள் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன், கையில் கொடுக்கவில்லை.

இப்போது நான் கவுண்டரில். காலையில் வந்ததும் கிளை நர்ஸுக்குப் போன் போட்டு மேலே இருந்து வருபவர்களின் பெயர்களைக் கேட்டு நானே முதலில் ஏற்றுகிறேன். அதற்கு முன் வேறு யாருக்கும் டோக்கன் கிடையாது, டாக்டரம்மாவின் டிரைவர் கேட்டாலும் சரி. அண்ணன் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். செய்தால் தேவலை.

கரண்ட் இன்னும் போகிறது. திரை கறுக்கும், வரிசை சலசலக்கும், உள்ளே அந்த அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்கும். முன்னால் நிற்கும் பெண்ணிடம் இரண்டு நிமிடம் உட்காருங்க அக்கா என்று சொல்லிவிட்டு நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். குழந்தை இருமிக்கொண்டிருக்கும். அது இருமும்போதும், இன்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், மூன்றாவது நிமிடம் ஆகட்டுமே என்று எனக்குள் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும். ஆவதில்லை. திரை வந்துவிடும். பெயர் என்னங்க என்று கேட்பேன்.