பிள்ளையாருக்கு முதுகு காட்டிய கன்று

1. முறைப்பாடு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் பரமேஸ்வரி ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியில் ஒரு பூச்சாடி.

மருதனார்மடத்தில் நான் வேலை செய்யும் பூங்கன்றுக் கடையில் அப்போது எனக்கு ஏழாவது வருடம். ரீச்சர் பண்டத்தரிப்பில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே புது வீடு கட்டியிருந்தார். குடிபூரலுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சக்குலன்ட் கன்று, தடித்த சதை இலைக் கன்று, கொடுக்க நாற்பது சாடிக்குச் சொல்லியிருந்தார். முதலாளி தவம் அண்ணை இல்லாத நாளில் நானே பொறுப்பேற்று எடுத்த முதலாவது பெரிய ஓடர். மாதிரிக்கு ஒன்றை மூன்று கிழமைக்கு முன் கொண்டுபோயிருந்தார். அதுதான் மடியில் இருந்தது.

கொடுத்தபோது தாமரைப்பூப் போல விரிந்து, தட்டையாக இருந்தது. இப்போது கழுத்தை நீட்டி, ஒரு பக்கம் சரிந்து நின்றது.

“பிள்ளை, உது பிள்ளையாருக்கு முதுகைக் காட்டுது. நானும் திருப்பித் திருப்பி வைச்சுப் பாத்திட்டன். நாலு நாளிலை பழையபடி யன்னல் பக்கம் போயிடுது. உப்பிடி ஒண்டை நான் சனத்துக்குக் குடுக்கிறதோ?”

விசாரித்தேன். தாமரை போல இருக்கிறதே என்று சாமி அறையில் வைத்திருக்கிறார். அந்த அறைக்கு ஒரே யன்னல். அதற்கு வெளியே மாமரம். என் கொப்பியைப் புரட்டினேன். கன்றின் இனம், மண் கலவை, தண்ணீர் ஊற்றும் நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கன்று எங்கே இருக்கப் போகிறது என்பதை நான் கேட்கவேயில்லை.

“அது சாமியோடை கோவமில்லை ரீச்சர். வெளிச்சம் காணாமல் எட்டிப் பாக்குது.”

“ரெண்டு நேரமும் விளக்கு எரியுதே.”

விளக்கு வெளிச்சம் எங்களுக்குப் போதும், கன்றுக்குப் போதாது என்று விளக்கி, வெளியில் வைக்கச் சொன்னேன். சாமிக்கு வைத்ததைச் செருப்புக் கழற்றும் இடத்தில் வைப்பதா என்று தயங்கினார். பிறகு தானே வழி கண்டுபிடித்தார்.

“மூலவர் உள்ளுக்கை இருக்கிறார். எழுந்தருளிதானே வெளிவீதி சுத்துறவர். இதை எழுந்தருளியாக்கி விடுவம்.”

நல்ல கன்று ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். பிரச்சினை முடிந்தது என்று கொப்பியிலும் எழுதினேன்.

2. வெளிவீதி

நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இலைகளில் வெள்ளையும் மண்ணிறமுமாகத் திட்டுகள். புது வீட்டு மேல்மாடியில், வெறும் சீமெந்துத் தரையில், காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை வைத்திருக்கிறார்.

தவம் அண்ணை படத்தைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் வைக்கச் சொன்னனீர்?”

நான் சொல்லவில்லை. “வெளியிலை வையுங்கோ” என்றது மட்டுந்தான். எங்கள் கன்றுகள் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்தவை என்பதை வலைக்குக் கீழே நின்றுகொண்டே மறந்திருக்கிறேன்.

ரீச்சரின் அழைப்பு வந்தது. “உள்ளுக்கை வைச்சால் முதுகைக் காட்டுது, வெளியிலை வைச்சால் வேகுது. கன்றை விட்டிட்டுச் சில்வர் கிண்ணம் குடுப்பம் எண்டு மச்சாள் நிக்கிறா.”

குடிபூரலுக்குப் பதினாறு நாள் இருந்தது. கன்றைத் தேற்றிக் காட்ட ஒரு தவணை கேட்டேன்.

3. சோக்குக் கோடு

அடுத்த நாள் காலை ஆறரைக்குக் கொப்பியும் சோக்குமாக ரீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். வாசல் கிழக்குப் பார்த்தது. படிக்கட்டில் வெயில் விழுந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். அரைமணிக்கு ஒருக்கால் நிழல் நகர்ந்த இடத்தில் இன்னொன்று. பத்து மணிக்கு, முகப்புக் கூரை மறைக்க, படிக்கட்டு முழுவதும் நிழல்.

மச்சாள் கைகட்டிக்கொண்டு பார்த்தார். “திருவிழாவுக்கும் உவ்வளவு நேரம் பாக்கிறேல்லை.”

முதல் இரண்டு நாளும் அந்தப் படியில் ஒரு மணித்தியாலம் வெயில். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைமணி கூட்டி, மூன்று மணித்தியாலம் வரை. மிச்ச நேரம் வெளிச்சமான நிழல். தினமும் சாடியைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். விளக்கு வைக்கும்போது மட்டும் சாமி அறை. ரீச்சர் இதைப் பள்ளிக்கூட நேரசூசி போலக் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டினார். கடையில் நாற்பது சாடிகளையும் அதே நேரசூசிப்படி நான் வலைக்கு வெளியே எடுத்தேன்.

பதின்மூன்றாம் நாள் அழைத்தார். சுட்ட இடம் மாறவில்லை, அது மாறாது. ஆனால் நடுக்குருத்து இறுக்கமாக வந்திருந்தது.

“நேரா நிக்குது பிள்ளை. நாற்பதையும் ஏத்திவிடுங்கோ. மச்சாளுக்கும் ஒண்டு வேணுமாம்.”

நாற்பத்தொரு சாடிகள் போயின. ஒவ்வொன்றின் கழுத்திலும் நேரசூசி எழுதிய துண்டு ஒன்று கட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து என் கொப்பியில் கன்றின் பெயருக்கு முன்னால் ஒரு நிரல் இருக்கிறது. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பேன்: வாசல் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு வெயில் வரும், எப்போது போகும், முன்னால் மரம் நிற்கிறதா. போன கிழமை அச்சுவேலியிலிருந்து வந்த ஒருவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கேட்டார்:

“என்ன அக்கா, சம்பந்தம் பேசப் போறியளோ?”

“ஓம் தம்பி. இவ வாழப்போற வீடெல்லே.”