எனக்கு முன்னால் போன பட்டம்

ரயிலில் இடம் பிடிப்பதில் எங்கள் கல்லூரியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பாளையங்கோட்டைக்குப் போகும் காலை பாசஞ்சர் எங்கள் ஊருக்கு வரும்போதே முக்கால்வாசி நிரம்பியிருக்கும். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நோட்டுப் புத்தகத்தை நுழைத்துத் தள்ளிவிட வேண்டும். நோட்டு விழுந்த இடம் நம் இடம். பிறகு ஏறுகிறவர் தாசில்தாராகவே இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார மாட்டார். ஐந்து வருடம் அப்படித்தான் போய் வந்தேன். பி.எஸ்ஸி.யும், அதற்கு மேல் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி.யும் அந்த ரயிலில் வாங்கியவை என்றே சொல்லலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் கைக்கு வந்த அன்று அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ரசித்தார். நான் திருத்தவில்லை. எப்படிப் பிடித்தாலும் அது பட்டம்தானே.

அந்தப் பட்டங்களோடு மெல்பர்னுக்கு வந்தேன். என் கணவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். நான் வந்த மூன்றாம் மாதம், பள்ளி வேலைக்கு விண்ணப்பித்திருந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நகரத்தில் நேர்காணல், சான்றிதழ்களைக் கொண்டுவரவும். அடுத்த வாரம் பள்ளிகள் திறக்கின்றன. அன்றைக்கு விட்டால் இந்த வருடம் வேலை கிடையாது.

"நான் லீவு போட்டுட்டுக் கூட வர்றேன்" என்றார் கணவர்.

"எதுக்கு?"

"தனியாப் போகணும்ல. ரயில்ல போய், அப்புறம் டிராம் பிடிக்கணும்."

"பாஷை தெரியாதவளா நான்? கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எழுதின லெட்டர்ல இருந்த ஸ்பெல்லிங்கை எல்லாம் திருத்தித் திருப்பி அனுப்பினவ நான்தான்."

"மறக்க முடியுமா? ஆனா ஸ்பெல்லிங் ரயில் ஓட்டாதும்மா."

கடைசியில் ஒரே ஒரு அறிவுரையோடு விட்டார். "இந்த ஊர்ல முட்டி மோதி ஏறக் கூடாது. வரிசையா நிப்பாங்க. நீயும் வரிசையில நில்லு. மானத்தை வாங்கிடாத."

வியாழக்கிழமை நல்ல வெயில். சான்றிதழ்களை ஒரு ஃபைலில் வைத்து, ஃபைலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். சிவப்பு நிறத்துப் பழைய ரயில் வந்தது. வெக்கைக்காக ஜன்னல்களை எல்லாம் திறந்து விட்டிருந்தார்கள். கம்பி கிடையாது! என் எதிரில் வந்து நின்ற ஜன்னலுக்குள் ஒரே ஒரு காலியிடம்.

நான் யோசித்ததாக நினைவில்லை. கை யோசித்தது. துணிப்பை ஜன்னல் வழியாகப் போய் இருக்கையின் நடுவில் அழகாக உட்கார்ந்தது. கல்லூரித் தோழிகள் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

அதன் பிறகுதான் கணவரின் அறிவுரை நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தள்ளி ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். நானும் போய்க் கடைசியில் அடக்கமாக நின்றுகொண்டேன். வரிசை நகரவில்லை. வரிசையில் இல்லாத மற்றவர்கள் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு ஏறினார்கள். நாகரிகம் இல்லாத ஜனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். விசில் ஊதியது. ரயில் கிளம்பியது. வரிசை அப்படியே நின்றது.

"ஏன் யாரும் ஏறலை?" என்று எனக்கு முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நின்ற பாட்டியம்மாளிடம் கேட்டேன்.

"அது எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டி, டியர். நாங்க பின்னாடி வர்ற எக்ஸ்பிரஸுக்கு நிக்கிறோம்."

இடம் பிடித்தது எங்கள் ஊர் முறை. ஏறப் பார்த்தது இந்த ஊர் முறை. இரண்டில் ஏதாவது ஒன்றை முழுசாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பேன்.

என் பட்டங்கள் ரயிலில் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் அசல். தொலைந்தால் ஊருக்கு எழுதிப் போட்டு நகல் வாங்க ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் அந்த வேலையில் யாரோ ஒருத்தி பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். பாட்டியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அது பதற்றமா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எக்ஸ்பிரஸ் வந்ததும் என் முழங்கையைப் பிடித்து முதல் ஆளாக என்னைத்தான் ஏற்றிவிட்டார்.

பாதி வழியில் இரண்டு தண்டவாளங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடத்தில் எங்கள் வண்டி அந்தச் சிவப்பு ரயிலை எட்டிப் பிடித்தது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெட்டிகளில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். ஒரு ஜன்னலுக்குள் மட்டும், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், என் துணிப்பை ராணி மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. எங்கள் ஊர்ச் சட்டம் இங்கேயும் செல்லுபடியாகிறது! கவலையை மீறி எனக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் வண்டி முந்திப் போய்விட்டது.

நகரத்து ஸ்டேஷனில் இறங்கி, யாரிடமும் வழி கேட்பதில்லை என்ற கொள்கையைக் கைவிட்டு, மூன்று பேரிடம் கேட்டு, சரியான பிளாட்பாரத்துக்கு ஓடினேன். சிவப்பு ரயில் வந்து நின்றது. கூட்டம் இறங்கியது. கடைசியாக டிராம் கண்டக்டர் உடுப்பில் ஒருவர், தோளில் தோல் பையும் கையில் என் துணிப்பையுமாக இறங்கினார்.

"அது என்னுடையது" என்றேன் மூச்சிரைக்க.

"அப்படியா? இது பக்கத்துல உட்கார்ந்து வந்தவன் நான்தான். எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? எல்லாரும் பையைப் பார்த்தாங்க, என்னை முறைச்சாங்க, நின்னுக்கிட்டே வந்தாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு சீட்டான்னு."

"அது வேற ஒரு அம்மாவோட பைன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்களை எனக்குத் தெரியாதே, மேடம். எங்கே ஏறுறதா இருந்தீங்க?"

"பை ஏறின இடத்துல."

அவர் என்னைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார். "அப்போ எப்படி எனக்கு முன்னாடி வந்தீங்க?"

நான் பையை வாங்கி, ஃபைலைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. போக வேண்டிய இடத்தைச் சொன்னதும், அது அவருடைய டிராம் போகும் வழிதான் என்று கூட்டிக்கொண்டு போனார். ஏறியதும் பணம் வாங்கி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கூட்டம் இல்லாததால் எதிரில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டே வந்தார். பெல்ஜியத்திலிருந்து வந்தவராம்.

"உங்க ஊர்லேருந்து தலைநகருக்கு ரயில்ல எவ்வளவு நேரம்?"

"மெட்ராஸுக்கு ஒரு ராத்திரி. அங்கேருந்து டெல்லிக்கு இன்னும் ரெண்டு ராத்திரி" என்றேன், அந்தத் தண்டவாளத்தை நானே போட்ட மாதிரி.

அவர் விசில் அடித்தார். "எங்க நாட்டுல காலைல ஒரு முனையில ரயில் ஏறி ரொட்டியைப் பிரிச்சா, சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த முனை வந்துடும். அசந்து தூங்கினா வேற நாட்டுலதான் முழிக்கணும். கடலோரமா ஒரு டிராம் இருக்கு. அதுல ஏறினா எங்க கடல் மொத்தத்தையும் பார்த்துடலாம்."

"கடல் அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மிச்சத்தைப் பக்கத்து நாட்டுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க."

"ரயில்ல இடம் பிடிப்பீங்களா?"

"எதுக்கு மேடம்? உட்கார்றதுக்குள்ள இறங்கணுமே."

என் நிறுத்தம் வந்ததும் மணிக்கயிற்றை அவரே இழுத்தார்.

ஒன்பது நாற்பதுக்கு அலுவலகத்தில் நுழைந்தேன். தாமதத்துக்கு அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலை வாங்கி, தபால்காரர் கடிதங்களைத் தள்ளுவதுபோல் தாள்களைத் தள்ளிவிட்டு, படிவத்தில் ஏதோ எழுதினார். ஃபைலை மூடித் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம் இருக்கும்.

"பயிற்சி பெறாத ஆசிரியை என்று போட்டிருக்கிறேன். அதற்கு இப்போது இடம் இல்லை. அடுத்த வருடம் பார்க்கலாம். அசலை எல்லாம் ஏன் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்? நகலே போதுமே."

நான் எழுந்திருக்கவில்லை. ஃபைலைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"ஐயா, இன்னிக்கு இது எனக்கு முன்னாடி தனியா ரயில்ல வந்திருக்கு. இதைத் துரத்திக்கிட்டு நான் இன்னொரு ரயில்ல வந்தேன். அப்புறம் ரெண்டு பேரும் டிராம்ல வந்தோம். எங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாரும் பட்டம் வாங்கினதில்லை. ஒவ்வொண்ணையும் முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு தடவை படிச்சுடுங்க. அப்புறம் போறேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பயந்துதான் மாட்டினார் என்று நினைக்கிறேன். முதல் தாளைப் படித்தார். என் பெயரில் மூன்று முறை தடுக்கி விழுந்து எழுந்தார். இரண்டாவது தாளுக்கு வந்ததும் விரல் நின்றது.

"பி.டி. என்றால் என்ன?"

"ஆசிரியர் பயிற்சிப் பட்டம். ஒரு வருஷம். அதுல நாப்பது நாள் நிஜப் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தணும். பின்பக்கம் போட்டிருக்கு."

பின்பக்கத்தையும் படித்தார். பிறகு படிவத்தில் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே வேறு எழுதினார். கணக்கு ஆசிரியைக்கு மேற்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இடம் இருப்பதாகச் சொன்னார். ரயிலில் போய் டிராமுக்கு மாற வேண்டுமாம். திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

"முடியும். மத்த தாள்களையும் படிச்சுடுறீங்களா? இன்னும் மூணு இருக்கு."

"வேண்டாம், வேண்டாம்" என்று அவசரமாகச் சொல்லி, முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.