நாற்காலிக்கு நாற்காலி கட்டிய நரம்பு

பக்கத்து வீட்டு ஐயாவுக்கு இடது முழங்கால் மடங்காது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் சாரம் பகுதியில் சொல்தா என்போம். நீட்டிய காலோடு அவர் உட்காரத் தோதான முன் சீட்டு எங்கள் பழைய காரில்தான் இருந்தது. வாடகைக் கார் எதிலும் அந்தக் கால் அடங்கவில்லை. திங்கட்கிழமை மதியம் அவர் மகள் பாரிஸிலிருந்து சென்னையில் வந்து இறங்குகிறாள். பல வருடம் கழித்து வருகிற பெண்ணை விமான நிலைய வாசலில் நின்று அழைத்து வர வேண்டும் அவருக்கு. நானும் சரியென்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை நானும் என் மனைவியின் தம்பியும் முன்பக்க ஷாக்கப்சரையும், சக்கரத்தைத் திருப்புகிற டை ராடையும் புதிதாக மாட்டினோம். அவன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிறு காலை தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங் நேராக இருந்தது, வண்டி ஒரு பக்கமாக இழுத்து இழுத்துப் போனது. ஒழுங்காகப் போகாத வண்டியை எங்கள் தெருவில் “அதுக்கு மனசு வேற எங்கயோ இருக்கு” என்பார்கள். எனக்குப் பிடித்த பேச்சு அது. அன்று மட்டும் பிடிக்கவில்லை.

“மாமா, முன் சக்கரம் ரெண்டும் சண்ட போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாக்குது” என்றான் மச்சான்.

“உங்க அக்காகிட்ட சொல்றேன் இரு.”

சக்கரங்களை நேராக்கித் தருகிற அலைன்மென்ட் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. திங்கட்கிழமை திறக்கும்வரை காத்திருந்தால் விமானம் வரும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வீட்டிலேயே ஓரளவு சரிசெய்வதென்று முடிவானது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கிய தூண்டில் நரம்பை வண்டியின் பக்கவாட்டில் நாற்காலிக்கு நாற்காலி இழுத்துக் கட்டினோம், பின் சக்கரத்துக்கு இணையாக. முன் சக்கரத்தின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நரம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் அது நேராக நிற்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங் அசையாமல் இருக்க ஒரு துண்டால் சீட்டோடு கட்டினோம்.

பிளாஸ்டிக் நாற்காலி நரம்பின் இழுப்புக்கு நகர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த சொல்தா ஐயா வந்து அதில் உட்கார்ந்துவிட்டார், காலைத் தெருப்பக்கம் நீட்டி.

“ஐயா, ஆடாதீங்க.”

“காவலுக்கு நின்னவன்டா நான். நீ து த்ருவாவா வெய்யி, போதும்.” நேராக என்பதற்கு அவர் அப்படித்தான் சொல்வார்.

ஜாக்கியில் தூக்குவது, டை ராடைத் திருகுவது, இறக்குவது, ஸ்கேல் வைத்து அளப்பது. வெயில் ஏறும்போது இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மனைவி நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

“வேல செஞ்ச வண்டிய பழம் ஏத்தாம எடுக்கக் கூடாதுங்க.”

சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, வண்டியைத் தள்ளினோம். பழங்கள் நசுங்கின. வண்டி சற்றே கீழே உட்கார்ந்தாற்போல இருந்தது. பின்னால் தள்ளி நிறுத்திய பிறகு மச்சான் சும்மா ஸ்கேலை வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“மாமா, மாறிப்போச்சு.”

பிறகுதான் புரிந்தது. ஜாக்கியிலிருந்து இறக்கும்போது டயர் தரையைக் கவ்விக்கொண்டு வளைந்தே நிற்கிறது. வண்டியை உருட்டினால்தான் அது தன் நிலைக்கு வரும். நாங்கள் உருட்டாமலேயே அளந்துகொண்டிருந்தோம். பழம் ஏற்றியிருக்காவிட்டால் அப்படியே சென்னைக்குக் கிளம்பியிருப்பேன்.

மறுபடி திருகினோம். இந்த முறை ஒவ்வொரு தடவையும் உருட்டி, அமுக்கி, அளந்தோம்.

“அக்கா, பழம்!” என்றான் மச்சான்.

“மிச்சம் இருக்கறது ரசத்துக்கு. வேணும்னா உன் தலைய வெய்யி.”

சாயங்காலம் சொல்தா ஐயாவை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். நேரான ரோட்டில் ஸ்டீயரிங்கில் கையைத் தளர்த்தினேன். வண்டி நேராகப் போனது. கொஞ்சம் போனதும் இடது பக்கம் மிக மெல்ல ஒதுங்கியது.

அதை மறைக்க மனம் வரவில்லை. “ஐயா, இது குத்துமதிப்புதான். வேகமாப் போக மாட்டேன். காலையில சீக்கிரமே கிளம்பணும்.”

“பறக்கறது அவ வேல. நாம உருண்டு போவோம்.”

விடியலில் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தடியோடு என் வீட்டு வாசலில் நின்றார். சென்னை ரோட்டில் எல்லா லாரிகளும் எங்களை முந்திப் போயின. சில பஸ்காரர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள். அவர் ஒருவரையும் பொருட்படுத்தவில்லை.

மகள் வெளியே வந்தபோது அவர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றிருந்தார். அவள் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். “ஏம்ப்பா, இந்தக் காலோட எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டாள். அவர் கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் தலையைத் தடவினார். நான் போய்ப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டேன்.