நாலு விரல் மடிப்பு

அந்தச் சந்தில் அவளைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கால் ஓரிடத்தில் நிற்காது. ஒரே நேரத்தில் அவளைக் குழாயடியிலும் பொத்தான் கடையிலும் பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஆளுண்டு. தூக்கத்திலும் வலது கால் தையல் மிஷினை மிதிக்குமாம். கட்டில் நகர்ந்து நகர்ந்து காலையில் வாசலில் கிடக்குமாம். புருஷன் சொன்னதுதான், வேறு சாட்சி இல்லை.

சந்துப் பெண்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்த தையல் கம்பெனியில் மேஸ்திரியின் வாயில் விழுந்து எழுந்து, அவன் போட்டதைக் கூலியென்று வாங்கி வருபவர்கள். "நம்ம வீட்டு மிஷின் என்ன பாவம் பண்ணுச்சு? வேலைய இங்க இழுத்துட்டு வரேன்" என்று சக்கரம் கிளம்பினாள். பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோர் அம்மா வாசலில் நின்று நின்று செருப்பு காகிதமாகிப் போனது. கடைசியில் நர்சுகளுக்கு நாற்பது வெள்ளைக் கோட்டு தைக்கும் வேலை கிடைத்தது. துணியையும் அவர்களே அளந்து கொடுத்தார்கள். ஒழுங்காக முடித்தால் மாதாமாதம் வேலை. சொதப்பினால் மறுபடி மேஸ்திரி முகம்.

சக்கரம் வெட்டினாள். நாத்தனாரும் இன்னும் நாலு பேரும் தைத்தார்கள். ஐந்து வீட்டிலும் மிஷின் ஓடிய ஓட்டத்தில் சுவர்ப் பல்லிகள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயின.

கடைசித் துணிக்கட்டில் கை வைத்தபோதுதான் தெரிந்தது, நாலு கோட்டுக்குத் துணி பற்றவில்லை.

நாத்தனார் தைத்து முடித்த ஒன்றைப் புரட்டினாள். விலாத் தையலிலும் அடி மடிப்பிலும் நாலு விரல் துணி உள்ளே மடிந்து கிடந்தது.

"அண்ணி, இது எதுக்கு?"

"வளர்ற பிள்ளைக்கு விடுறதுதான."

"நர்சம்மாங்க இனிமே எங்க வளரப் போறாங்க?"

சக்கரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சந்தில் ஒரு சட்டை தைத்தால், பிள்ளை வளர வளரப் பிரித்து விட்டுப் போட்டாக வேண்டும். இத்தனை வருஷம் அப்படி வெட்டிய கை, இங்கேயும் தன் பாட்டுக்கு வெட்டிவிட்டது. தைத்த ஐந்து பேருக்கும் அது தப்பாகவே படவில்லை.

ஸ்டோர் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி, தச்சத வச்சுட்டுப் போ. சொல்லி அனுப்புறேன்."

அதற்கு என்ன அர்த்தமென்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். கம்பெனிக்குத் திரும்பிய பெண்களை, "வாங்க முதலாளியம்மா" என்று மேஸ்திரி வரவேற்றான். சக்கரம் மட்டும் போகவில்லை. உட்கார்ந்தால் தரை சுட்டது, படுத்தால் பாய் குத்தியது. ஒருநாள் தலைவலி, மறுநாள் சித்தப்பாவைப் பார்க்கணும் என்று ஆஸ்பத்திரியையே சுற்றி வந்தாள்.

"ஏக்கா, உன் சொந்தக்காரங்க மொத்தப் பேரும் இங்கதான் படுத்திருக்காங்களா?" என்றான் வாட்ச்மேன்.

அப்போது ஒரு நர்சு அவளைக் கடந்து போனாள். ஏழு மாத வயிறு. கோட்டின் பொத்தான்களெல்லாம் வலிக்காமல் மாட்டியிருந்தன. விலாவில் தையல் பிரித்த தடம். சக்கரத்தின் கை சும்மா இருக்குமா? ஓரத்தைப் பிடித்துவிட்டாள்.

"யாருங்க பிரிச்சது? நூல் தொங்குது பாருங்க."

"நீங்கதான் தச்சதா? மூத்தவன் வயித்துல இருந்தப்போ பொத்தானே போட முடியாம தினமும் திட்டு வாங்கினேன். இதப் பாத்துட்டு இன்னும் மூணு பேர் பிரிச்சுக்கிட்டாங்க. அதுல ஒருத்திக்குப் பிள்ளையெல்லாம் இல்ல, வெறும் சாப்பாடுதான்."

சொன்னதோடு நில்லாமல் ஸ்டோருக்கும் இழுத்துப் போனாள். ஸ்டோர் அம்மா இருவரையும் பார்த்தாள், பிரித்த விலாவையும் பார்த்தாள்.

"இந்தத் தடவை துணிய கூடுதலாவே தரச் சொல்றேன். மடிச்சு விட்டே தை. ஆனா ஒண்ணு குறைஞ்சாலும் கேட்டுக்குள்ள வராத."

சக்கரம் ரயில் பாதையைத் தாண்டியது அவளுக்கே தெரியாது. கம்பெனி வாசலில் நின்று மேஸ்திரி காதிலும் விழும்படி கூப்பிட்டாள். "கிளம்புங்கடி, வேலை வந்தாச்சு."

பெண்கள் மிஷினை விட்டு எழுந்தார்கள். நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துணி எங்க அண்ணி?"

சக்கரம் தன் வெறுங்கையைப் பார்த்தாள். அடுத்த வார்த்தைக்கு அவள் அங்கே இல்லை.