இரண்டு பாத்ரூமிலும் ஒரே முதலை

சனிக்கிழமை காலையில் திருக்கழுக்குன்றம் குளக்கரைப் பேக்கரி முன்னால் காரை நிறுத்தும்போது, பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போல ஒரு குதூகலம் எனக்கு வந்துவிடும். எழுபதைத் தாண்டியவன் இப்படிச் சொல்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். பேக்கரிக்குள் என் பேத்தி முட்டை பஃப்ஸைப் பிய்த்து மேலெல்லாம் உதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரில் அவள் அம்மா.

என் மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்கள். மருமகள் குழந்தையோடு செங்கல்பட்டில் இருந்தாள். மகன் என்னோடு மாமல்லபுரத்தில். வழக்கு முடியும்வரை பள்ளி நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று செங்கல்பட்டுக் கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டோம் என்று இருவரும் நின்றதால் குழந்தையை வாங்கி வருகிற வேலை எனக்கு வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது திருக்கழுக்குன்றம். பேக்கரியை மருமகள்தான் தேர்ந்தெடுத்தாள்.

"இன்னா தாத்தா, லேட்டா வந்துகினு கீற?" என்பாள் பேத்தி. ஏழு வயது.

"ஏய், ஒழுங்காப் பேசு" என்பாள் மருமகள்.

"ஸ்கூல் வேன் அண்ணா இப்படித்தாம்மா பேசுவாரு."

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். வேலைக்காக இந்தக் கடற்கரைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். என் வீட்டில் இந்தப் பக்கத்துப் பேச்சு பேசுகிற முதல் ஆள் அவள். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். அவள் அம்மா எதிரில் மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வேன்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நான் பார்த்தது ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் மாறும்போது, வருகிறவர் போகிறவரை நிறுத்திவைத்துக் கேட்பார். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது சரியில்லை, எதன்மேல் கண் வைக்க வேண்டும். எல்லாம் கேட்ட பிறகு கடைசியாக, "வேற?" போகிறவர் "வேற ஒண்ணுமில்ல" என்று வாயைத் திறந்து சொல்லும்வரை அவரை விடமாட்டோம். பலநாள் முக்கியமான விஷயம் இரண்டாவது "வேற?"வுக்குத்தான் வெளியே வரும். நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஏழு வயதுக் குழந்தையிடம் காட்டினேன். கார் குளக்கரையைத் தாண்டியதும் ஆரம்பித்துவிடுவேன். அம்மா எப்போது ஆபீஸிலிருந்து வந்தாள்? ராத்திரி என்ன சாப்பாடு? யார் வந்தார்கள்? ஃபோனில் யாரிடம் பேசினாள்? வேற?

முதலில் அவள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஒருநாள் அம்மா வர நேரமாகிப் பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் இருந்தாள். ஒருநாள் நூடுல்ஸ். அதை மகனிடம் சொன்னேன். மகன் வக்கீலிடம் சொன்னான். குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறாள், சரியான சாப்பாடு தருவதில்லை என்று அது கோர்ட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி இறந்த பிறகு நானும் மகனும் பாதி நாள் நூடுல்ஸ் தின்றுதான் காலம் தள்ளினோம். அது எந்த மனுவிலும் இல்லை.

குழந்தைகள் எதைக் கவனிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "வேற ஒண்ணுமில்ல தாத்தா" என்று அவள் சொன்னால் நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன். அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னால் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பேன், வேகத்தைக் குறைப்பேன், "அப்படியா!" என்பேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை சொன்னாள்: "ஒரு மாமா வராரு தாத்தா. நைட் எங்க வீட்லயே தூங்குவாரு. சிகரெட் குடிப்பாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். குழந்தையின் வீட்டில் முன்பின் தெரியாத ஆள் தங்குகிறான் என்று கேட்ட தாத்தாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு, நாம் ஜெயித்தோம் என்றுதான் தோன்றியது. மகன் முகம் இருண்டுபோயிற்று. வக்கீல் உற்சாகமானார். குழந்தை முழுக்க அப்பாவிடமே இருக்க வேண்டும், அம்மா மாதம் ஒருமுறை வந்து பார்த்தால் போதும் என்று அடுத்த வாரம் போய் வருகிற திங்கட்கிழமை மனுப் போடுவதாகச் சொன்னார்.

அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை வழக்கம்போல அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வயல்கள் ஆரம்பிக்கிற இடத்தில் "வேற?" என்றேன்.

"அம்மா பாத்ரூம்ல ஒரு முதலை கீது."

பழக்கதோஷம், "எவ்வளவு பெரிசு?" என்று கேட்டுவிட்டேன்.

"இந்தக் கார் அளவு. அந்த மாமாதான் அதுக்குச் சாப்பாடு போடுவாரு."

ஒரு புளியமரத்தடியில் காரை ஓரங்கட்டினேன். திரும்பி உட்கார்ந்தேன். அதற்கு முந்திய மாதம்தான் அவளை முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போயிருந்தேன்.

"அந்த மாமா நிஜமா வராராம்மா?"

"அவரும் முதலை மாதிரிதான்."

"முதலை மாதிரின்னா?"

"நான் செஞ்சது." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "நீ வேற, வேறன்னு கேட்டுகினே இருந்தியா. வேற எல்லாம் தீந்து போச்சு தாத்தா."

அங்கே உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன், அதையும் மறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மகன் ஜெயிப்பான். யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தக் குழந்தை தினமும் என் வீட்டில் இருக்கும். அப்போது பின்சீட்டிலிருந்து, "பஃப்ஸ்ல பாதி அம்மாவுக்கு வச்சிட்டு வந்தேன், சாப்ட்டிருப்பாங்களா?" என்றாள்.

காரைத் திருப்பினேன்.

மருமகள் இன்னும் பேக்கரியில்தான் இருந்தாள். அந்தப் பாதி பஃப்ஸ் எதிரில் அப்படியே இருந்தது. "என்ன மாமா? எதையாவது மறந்துட்டாளா?" என்று எழுந்தாள். கிரீம் பன் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் குழந்தையைக் கவுண்டருக்கு அனுப்பினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேள்விகள், வக்கீல், வந்து தூங்கும் மாமா, முதலை, திங்கட்கிழமை.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"உங்க வீட்ல ஏழு வருஷம் இருந்தேன் மாமா. காலைல உங்களுக்குக் காபி கொடுத்துட்டு ஆபீஸுக்கு ஓடுவேன். ஒரு நாளாவது 'நீ சாப்ட்டியாம்மா'ன்னு என்னைக் கேட்டிருக்கீங்களா? இப்ப நான் என்ன சாப்பிடறேன், யார்கூடத் தூங்கறேன்னு குழந்தைகிட்ட கேக்கறீங்க."

"தப்புத்தாம்மா."

"தப்புன்னு சொல்லிட்டாப் போதுமா?"

"போதாது. செவ்வாய்க்கிழமை கோர்ட் கவுன்சலிங்ல, கவுன்சலர் எதிர்லயும் சொல்றேன்."

அவள் என்னை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "இருங்க. முதலை எங்க பாத்ரூம்லயா? உங்க பாத்ரூம்லன்னுல்ல என்கிட்ட சொன்னா?"

"எங்க வீட்லயா?"

"ஆமா. நீங்க அதோட பேசுவீங்களாம். அப்பா கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டுவாராம். நீங்க அவளைக் கடற்கரையில விட்டுட்டுத் தூங்கிடுவீங்களாம்." பஃப்ஸ் தட்டை நகர்த்திவைத்தாள். "கடற்கரை விஷயத்தை எங்க வக்கீல் எழுதியே கொடுத்துட்டார் மாமா."

மூக்கெல்லாம் கிரீமோடு குழந்தை வந்து நின்றது. "முதலை எந்த வீட்லடி இருக்கு?" என்றாள் மருமகள்.

அது யோசித்தது. இரண்டு பேரையும் பார்த்தது. யாருக்கும் மனசு கோணக்கூடாது என்கிற அக்கறையோடு, "ரெண்டு வூட்லயும் கீது" என்றது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைக்காரர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அவள் என் வீட்டில் இருந்த காலமெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு ஒரு நினைவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். "நீங்க யார் பக்கம்ப்பா?" என்றான். நியாயமான கேள்வி. வாசற்படியில் போய் உட்கார்ந்தான். பக்கத்துச் சிற்பப் பட்டறையில் கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தே உள்ளே பார்த்து, "அப்ப அந்த ஆள் நிஜமாவே இல்லையா?" என்றான்.

"இல்ல."

"நல்லவேளை" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் வக்கீலுக்கு ஃபோன் போட்டான்.

அந்த மனு போகவில்லை. செவ்வாய்க்கிழமை கவுன்சலிங் அறையில், இத்தனை நாள் குழந்தையை வேவு பார்க்க வைத்தது நான்தான் என்று, முதலை வரைக்கும் சொன்னேன். மருமகள் தானும்தான் என்றாள். கவுன்சலர் அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முதலைக்கு யார் கஸ்டடி?" என்று கேட்டார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மகனும் மருமகளும் ஒரே நேரத்தில் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக அவர்கள் மறுபடி ஒன்று சேர்ந்துவிடவில்லை. சண்டையில்லாமல் பிரிந்தார்கள். பள்ளி நாட்கள் அங்கே, சனி ஞாயிறு இங்கே என்பது அப்படியே நிலைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: குழந்தையை ஒப்படைக்கும்போது பெரியவர்கள் பெரியவர்களிடம்தான் பேச வேண்டும். ஜுரம், மருந்து, வீட்டுப்பாடம். குழந்தையிடம் மற்ற வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கூடாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது பேக்கரிக்குப் போனதும் நான் முதலில் கேட்பது, "சாப்ட்டியாம்மா?" மருமகளைத்தான். "ரொம்ப லேட்டு மாமா" என்பாள் ஒவ்வொரு தடவையும். ஆனாலும் பஃப்ஸில் பாதி என் பக்கம் தள்ளிவைப்பாள். போன மாதம் பேத்தியின் பிறந்தநாளுக்கு அவளும் மாமல்லபுரம் வந்திருந்தாள். மகன் எல்லோருக்கும் சுண்டல் வாங்கி வந்தான். அலையில் குழந்தையின் ஒரு கையை அவனும் மறு கையை அவளும் பிடித்துத் தூக்க, அது காலை உதறிக்கொண்டு கத்திய கத்தல் கடற்கரைக் கோயில்வரை கேட்டிருக்கும்.

கேள்வி கேட்காமல் கார் ஓட்டுவது எனக்கு இன்னும் கஷ்டம்தான். போன சனிக்கிழமை குளக்கரை தாண்டி, வயல் தாண்டி, புளியமரமும் வந்துவிட்டது. பேசாமல் ஓட்டினேன். பின்சீட்டுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தாத்தா, நான் கேக்கறேன், நீ சொல்லு. இந்த வாரம்லாம் இன்னா பண்ண?"

"பேப்பர் படிச்சேன். நடந்தேன். தூங்கினேன்."

"வேற?"

"ரசம் வச்சேன். புளி அதிகமாப் போச்சு."

"வேற?"

எனக்கும் தீர்ந்துபோயிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை முதலை குளிக்க வந்துது" என்றேன்.

"எவ்ளோ பெருசு?" என்றாள் என் பேத்தி.