ஏகாதசி இருந்த கிளிகள்

சென்ற வாரம் ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் என் தமக்கையின் வீட்டிற்குப் போயிருந்தேன். பொழுது விடிந்து சற்று நேரமே ஆகியிருந்தது. கொல்லைப்புறத்தில் கிளிக்கூண்டின் முன் நின்றுகொண்டு, தினையை அள்ளித் தட்டில் இட்டுக்கொண்டிருந்தாள்.

தினையை... ஏகாதசியன்று... என் தமக்கை!

உங்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. அவளை அறிந்த அந்தத் தெருவுக்கு இருந்தது. ஏகாதசியன்று அவள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அரிசிப் பானையின் பக்கம் போவதில்லை. மறுநாள் துவாதசிப் பாரணை வரையில் ஒரு மிடறு தீர்த்தம்கூட அவள் தொண்டையில் இறங்காது.

கொல்லைச் சுவருக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். "என்ன மாமி, ஏகாதசியும் அதுவுமா தானியத்தைத் தொடறேள்?"

என் தமக்கை ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதிலுக்காகத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் அந்தக் கூண்டைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கூண்டு தமக்கையின் கணவர், எங்கள் அத்திம்பேருடையது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்தவர். அதிர்ந்து பேசாத மனிதர். உடன் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு சீமைக்குப் புறப்பட்டபோது, தாம் வளர்த்த லவ் பேர்ட்ஸ் ஜோடியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு கிளிகள். ஒன்று நீலம், மற்றொன்று மஞ்சள்.

தமக்கைக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. கிளி வீட்டிற்கு வரலாம். கிளி சொல்லாத திருநாமமா? ஆனால் முட்டையிடுமே! அந்தச் சொல்லையே உச்சரிக்காத வீடு அது. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கூண்டு கிணற்றடிக்கு அப்பால் இருக்கும். முன்பக்கம் தீனியும் தண்ணீரும் வைப்பது அவள் பொறுப்பு. பின்பக்கம் தொங்கும் மண் கலயங்கள், அதாவது அவை குஞ்சு பொரிக்கும் இடம், அத்திம்பேருடைய ராஜ்யம். அங்கே அவள் எட்டியும் பார்க்கமாட்டாள்.

நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சைக் குஞ்சுகளைத் தந்தன. பாலக்கரையில் தானியக் கடையோடு பறவை வியாபாரமும் செய்துவந்த கரீம் பாய், அந்தப் பச்சைகளின் வம்சத்தில் என்றாவது ஒரு நாள் தூய வெள்ளை பிறக்கும் என்று சொல்லிவைத்தார். பிடித்துக்கொண்டார் அத்திம்பேர்! அந்த வெள்ளைக்காகவே ஆண்டுக் கணக்கில் ஜோடி மாற்றி ஜோடி சேர்த்துக் காத்திருந்தார். பிறந்தவை எல்லாம் பச்சை. மீறிப்போனால் ஒரு நீலம், ஒரு மஞ்சள்.

"வெள்ளைக்காரனே ஊரை விட்டுப் போயாச்சு. நீர் இன்னும் வெள்ளையைத் தேடிண்டிருக்கீரே ஓய்" என்று ஆபீஸ் நண்பர்கள் சீண்டுவார்களாம். "அவனை நாம போகச் சொன்னோம். இதை வரச் சொல்றேன், அவ்வளவுதான்" என்பாராம் இவர்.

தமக்கையின் பெருமை வேறு விதம். "எங்காத்துக் கிளிகூட ஏகாதசி இருக்கும்" என்பாள். வெறும் பேச்சல்ல. தசமியன்று மாலை கூண்டுத் தட்டை எடுத்து அலம்பிக் கவிழ்த்துவிடுவாள். துவாதசி காலையில்தான் மறுபடி தினை விழும். கிளிகளோ வாட்டம் இல்லாமல், கீச்சுக் கீச்சென்று, குஞ்சும் குளுவானுமாக இருந்தன. தெருவே அதிசயித்தது. 'அரங்கன் எழுந்தருளியிருக்கும் ஊரல்லவா, கிளிக்குக்கூடத் தெரிகிறது' என்று நானும் நான் குடியிருக்கும் புத்தூரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அத்திம்பேர் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். தமக்கைக்கு அவரிடம் ஒரே ஒரு குறைதான். தசமியன்று ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டிற்கு வராமல் பாலக்கரைப் பக்கம் போய்விடுவார். "விரதத்துக்கு முதல் நாளாப் பார்த்துத்தானா ஊர் சுத்தணும்?" என்று அலுத்துக்கொள்வாள். ஓட்டல் காப்பிக்காகப் போகிறார் என்பது அவள் அனுமானம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் அத்திம்பேர் ஆசார்யன் திருவடி அடைந்தார். வெள்ளை பிறக்கவில்லை.

ஒரு ஜோடிப் பச்சைக் கிளிகள் மட்டும் மிச்சம். அடுத்த ஓராண்டுக் காலம் கலயங்கள் காலியாகவே கிடந்தன. கிளிகள் சோர்ந்திருந்தன. 'அவர் போன துக்கம்' என்றாள் தமக்கை. அப்படித்தான் நானும் எண்ணினேன்.

கடந்த கார்த்திகையின் முடிவில், எதிர்பாராமல், கலயத்திற்குள்ளிருந்து குஞ்சுகளின் குரல் கேட்டது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தமக்கை பின்பக்கம் போய்க் கலயத்தின் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நான்கு குஞ்சுகள். மார்கழி பிறந்து நான் போனபோது என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினாள். மூத்த குஞ்சின் உடம்பில் பச்சைக் குருத்து இறகுகள். அடுத்ததன் தோளில், மல்லிகை மொட்டின் நுனியைப்போல... வெள்ளை.

"வந்துடுத்துடா" என்றாள். கலயத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "வைகுண்ட ஏகாதசி கழிஞ்சு பாரணைக்கு வா. அதுக்குள்ள இறகு நன்னா விரிஞ்சிருக்கும்" என்றாள்.

தசமி மாலை தட்டைக் கவிழ்த்தாள். வழக்கம்போல. மறுநாள் இருட்டோடு கிளம்பிப் பரமபத வாசல் சேவைக்குப் போனவள், கூட்டத்தில் சிக்கி, இரவு வீடு திரும்பிப் படுத்திருக்கிறாள்.

துவாதசி காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது, பாரணைச் சமையலுக்கான அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் அரியப்படாமல் முற்றத்தில் கிடந்தன. தமக்கை கூண்டடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று குஞ்சுகள். மூன்றும் விறைத்துப் போயிருந்தன. ஒன்றின் தோளில் வெள்ளை இறகு விரிந்திருந்தது.

மூத்த பச்சைக் குஞ்சு மட்டும் கலயத்துக்குள் முனகிக்கொண்டிருந்தது. "ஏதோ சீக்கு கண்டுடுத்துடா. பாயை அழைச்சுண்டு வா, இதுவாவது பிழைக்கட்டும்" என்றாள்.

கரீம் பாய் கடையைப் போட்டது போட்டபடி என்னுடன் வந்தார். வாசல் வழியாக வரக் கூச்சப்பட்டுக் கொல்லைச் சந்து வழியாகவே வந்தார். உயிரோடிருந்த குஞ்சைக் கையில் ஏந்தி, தொண்டைக்குக் கீழே விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"சீக்கு இல்லீங்கம்மா. இரைப்பை காலியா இருக்கு. தீனி வைக்கலீங்களா?"

"நேத்திக்கு ஏகாதசியாச்சே" என்றாள் தமக்கை.

"அதுக்குத்தானேங்க அய்யா தசமிக்குத் தசமி வந்து தினைக்கதிர் வாங்கிட்டுப் போவாரு. பின்னாடி கட்டிவிடுவேன்னு சொல்வாரே. நீங்க கட்டலீங்களா?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த விஷயம் என்று எண்ணியே கேட்டார். கேட்டுக்கொண்டே கலயத்தைக் கொக்கியிலிருந்து கழற்றினார். அதன் மறைவில், கம்பியோடு சேர்த்துக் கட்டிய தினைத் தாள்கள், மணி முழுதும் கொத்தித் தின்னப்பட்டு, காய்ந்து தொங்கின. கட்டியிருந்தது வாழைநாரால். பெருமாளுக்குப் பூத்தொடுக்க அவள் கிழித்து வைக்கும் அதே வாழைநார்.

தமக்கை அதைத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

பாசுரங்களோடு நெடுங்காலம் பழகியவன் நான். அவற்றில் கிளிகளுக்குக் குறைவே இல்லை. தூது போகின்றன, நாமம் சொல்கின்றன, கையில் ஏறி அமர்கின்றன. விரதமென்று பட்டினி கிடந்த கிளியை நான் எந்தப் பாசுரத்திலும் சேவித்ததில்லை. கிளி ஏகாதசி இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னபோது இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை? பக்தி மிகுந்த வீடுகளில் கருணை கொல்லைப்புற வழியாகத்தான் வந்துபோக வேண்டியிருக்கிறதோ?

பாய் தினையை ஊறவைத்துக் கூழாகக் குழைத்துக் கொடுத்தார். தமக்கை தானே குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஊட்டினாள். அதன் இரைப்பை சற்றே புடைத்த பிறகுதான் பாரணைத் தீர்த்தத்தைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் பருகாமல் என்னைக் கேட்டாள்:

"ஏண்டா, இத்தனை வருஷம் ஒரே ஆத்துல இருந்தோமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?"

அவளே சொன்னாள்: "சொன்னா நான் விட்டிருக்கமாட்டேன்."

அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பும் வந்தது. "பாலக்கரைக்குக் காப்பி குடிக்கப் போறார்னு வைதேனேடா அவரை."

பவழமல்லி மரத்தடியில் குழி தோண்டி மூன்றையும் அடக்கினோம். அதன் பிறகு கலயத்தில் குஞ்சு பொரிக்கவில்லை. அந்த ஜோடிக்கு வயதாகிவிட்டது என்கிறார் பாய். பிழைத்த பச்சைக் கிளி வளர்ந்துவிட்டது. வெள்ளை இனி வரப்போவதில்லை. என் தமக்கைக்கும் அது தெரியும்.

சென்ற வார ஏகாதசிக்கு வருகிறேன். தினை இட்டு முடித்துக் கையை அலம்பிக்கொண்ட பிறகு, சுவருக்கு அப்பால் காத்திருந்த மாமிக்கு அவள் நிதானமாகச் சொன்னாள்:

"நான் எங்கே தொட்டேன்? இந்தாத்துல ஏகாதசிக்குத் தீனி போடறது எப்பவும் அவர்தான்."

மாமிக்கு விளங்கவில்லை. தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள்.