சாம்பிராணி போட்ட கிருத்திகை

மேற்கே ஆந்திரா பக்கம் நீளும் குன்றுகளில் தீ பிடித்த அந்த நான்கு நாளும் நான் என் வீட்டுக்காரரின் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். வேறெதுவும் தங்கவில்லை, எண்ணத் தெரியும்.

அவருக்கு ஏற்கெனவே வீசிங். ஆர்.கே.பேட்டையில் இருபது வருடம் பவர்லூம் ஓட்டி, பஞ்சுத் தூசியை உள்ளே வாங்கிய நெஞ்சு. கோடையில் காய்ந்த புல் எரிவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை காற்று எங்கள் திருத்தணிப் பக்கம் திரும்பி நின்றுவிட்டது. காலையில் கொடியிலிருந்து துணியை எடுத்தால் கரித்தூள் உதிர்ந்தது.

இரண்டாம் நாள் அவரை அரக்கோணத்துக்கு ரயிலில் கூட்டிப் போனேன். அங்கே சீன வைத்தியம் படித்த ஒரு அம்மா, மாடியில் ஒரு சின்ன அறையில் அக்குபஞ்சர் பார்க்கிறார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். கட்டைவிரல் பக்கம், ரேகைக்குக் கொஞ்சம் மேலே, மயிர் போன்ற ஓர் ஊசி வைத்தார். மாசிபத்திரியைச் சுருட்டிச் செய்த ஒரு குச்சியைக் கையில் எடுத்தவர், அப்படியே டப்பாவில் திரும்பப் போட்டார்.

"இதைக் கொளுத்தி சூடு காட்றது வழக்கம்மா. இப்போ இவருக்குப் புகையே ஆவாது."

பேரிக்காயைக் குடைந்து, கல்கண்டு போட்டு, ஆவியில் வேக வைத்துக் கொடுக்கச் சொன்னார். வறண்டுபோன நெஞ்சுக்கு அது ஈரமாம். ஊசி வைத்த இடத்தை வீட்டில் விரலால் அழுத்திவிடச் சொன்னார். சன்னலை மூடி வைக்கவும் சொன்னார்.

"இன்ஹேலரை மட்டும் நிறுத்திடாதீங்க. இது அதுக்குத் துணை, அவ்ளோதான்."

நான் கேட்டதையே நான்கு தடவை கேட்டேன். அந்த அம்மா என் கையையும் பிடித்து நாடி பார்த்தார். "நுரையீரலுக்குத் துக்கம் ஆவாது, மண்ணீரலுக்குக் கவலை ஆவாதுன்னு எங்க வைத்தியத்துல சொல்வாங்க."

"அப்போ இதுக்கு மண்ணீரலே இருக்காதுங்க," என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவில் அவருக்கு இருமல் வந்தது. நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதையெல்லாம் செய்தேன். சன்னல் இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்துச் செருகினேன். கதவடியில் ஈரச் சாக்கு. பேரிக்காய். மணிக்கட்டு. விரல் வலிக்கும்வரை அழுத்தி, பிறகு மூச்சை எண்ணி, பிறகு மறுபடியும் அழுத்தி. "வுடுமே, கை தேஞ்சிடப் போவுது," என்றார்.

நான்காம் நாள் கிருத்திகை. பூட்டிய வீட்டுக்குள் நான்கு நாளின் கரிவாடை. சுடுகாட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றி, முருகன் படத்துக்கு முன்னால் சாம்பிராணி போட்டேன். வெளியே இருக்கிறது கெட்ட புகை, இது சாமி புகை, வீட்டைச் சுத்தம் பண்ணும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மூலை முடுக்கெல்லாம் காட்டினேன். கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை.

"போதும்மே," என்றார்.

"நல்லதுதான் பாவா, கம்முனு இரு."

திரும்பிப் பார்த்தபோது அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. இன்ஹேலரை அடித்தோம், கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சன்னல் கொக்கியில் கை வைத்தேன். திறந்தால் மலைப் புகை. திறக்காவிட்டால் என் புகை. கொக்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிடவேண்டும் என்று அவர்தான் கையைக் காட்டினார்.

அரசு ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்தை ஆவியாக விட்டார்கள். நான் பக்கத்தில் நின்று மணிக்கட்டை அழுத்தத் தொடங்கினேன். நர்ஸம்மா மோந்து பார்த்தார்.

"வூட்ல இன்னாம்மா கொளுத்தினீங்க? பொடவையெல்லாம் அடிக்குது."

என் வீட்டுக்காரர் மாஸ்க்கைத் தூக்கினார். "முருகருக்குத்தான் காட்டினா... நான் நடுவுல குந்திகினு இருந்துட்டேன்."

"பேசாதீங்க நைனா. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. அந்தப் பொடவையோட கிட்ட வராதீங்க."

வார்டு வாசலுக்குப் போய் நின்றேன். அங்கிருந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. எண்ணினேன். கால் கடுத்தது. இருபதோ என்னவோ எண்ணியபோது, அவர் தன் வலது கையால் இடது மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். சுண்டுவிரல் பக்கம். அங்கே இல்லை என்று நான் என் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் விரலை நகர்த்தினார்.

அதற்குள் எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.